மென்பொருளுக்கு உரை எழுதுவோர்

நுழையும்முன்

பழந்தமிழ் இலக்கண நூல்கள் இன்றும் பயிலப்படுவதற்கு உரையாசிரியர்களின் உழைப்பு பெருங்காரணமாகும். மூலம் கையில் இருந்தும் பொருள் விளங்காது தயங்கும் மாணவருக்கு உரையே துணைநிற்கிறது. கணினி உலகிலும் மூலத்திற்கு உரை தேவைப்படுகிறது. பலர் கூடி உருவாக்கும் திறமூல மென்பொருள்களுக்கு விளக்க ஆவணம் எழுதுதல், திருத்துதல், வெளியிடுதல் ஆகிய பணிகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

திறந்திருந்தும் விளங்காத மூலம்

மென்பொருளை உருவாக்குவோர் எழுதும் கட்டளைத் தொகுப்பு மூலநிரல் எனப்படும். வணிக நிறுவனங்கள் பல இதனை வெளியிடுவதில்லை. மாறாக, எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமை தந்து வெளியிடப்படுவது திறமூல மென்பொருளாகும். லினக்ஸ், ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ், பைத்தான் முதலியன இவ்வகையைச் சார்ந்தவை.

உரிமை கிடைத்துவிட்டதனாலேயே பயன் கிடைத்துவிடுவதில்லை. மென்பொருளைக் கணினியில் நிறுவுவது எப்படி, முதலில் எதைச் செய்வது, பிழைச்செய்தி தோன்றினால் அதன் பொருள் என்ன என்பன தெரியாதவருக்கு அம்மூலம் திறந்திருந்தும் மூடியதற்கு ஒப்பாகும். இவ்வினாக்களுக்கு விடை தருவதே விளக்க ஆவணம்.

2017ஆம் ஆண்டில் கிட்ஹப் நிறுவனம் திறமூல மென்பொருள்களைப் பயன்படுத்துவோர், அவற்றிற்குப் பங்களிப்போர் ஆகியோரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. முழுமை பெறாத அல்லது காலத்தால் பின்தங்கிய ஆவணங்களைக் கண்டதாக 93 விழுக்காட்டினர் கூறினர். ஆயினும், ஆவணப் பணியில் அரிதாகவே ஈடுபடுவதாகவோ ஈடுபடுவதே இல்லை என்றோ பங்களிப்போருள் 60 விழுக்காட்டினர் தெரிவித்தனர். குறை அனைவருக்கும் தெரிந்திருக்கிறது. களைய முன்வருவோர் சிலரே.

இதற்கு ஒரு காரணம் உண்டு. நிரலை எழுதியவருக்கு அதன் ஒவ்வொரு பகுதியும் பழகிப்போனது. புதியவர் எங்கே தடுமாறுவார் என்பது அவருக்கு எளிதில் புலப்படுவதில்லை. பழகிய ஊரில் வழிப்பலகை தேவைப்படாதவர், அயலூராருக்கு அது தேவை என்பதை மறந்துவிடுவதைப் போன்றது இது.

பைத்தான் ஆவணம் வளர்ந்த வரலாறு

நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் 1989ஆம் ஆண்டின் இறுதியில் பைத்தான் என்னும் நிரல்மொழியை உருவாக்கத் தொடங்கினார். அது 1991இல் பொதுப் பயன்பாட்டிற்கு வெளியிடப்பட்டது. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்திலும் இம்மொழி இடம்பெற்றுள்ளது.

தொடக்கத்தில் பைத்தானின் ஆவணங்கள் லேடெக் என்னும் அமைப்பில் எழுதப்பட்டன. அச்சுப் பக்கங்களை அழகுற அமைப்பதில் லேடெக் சிறந்தது. ஆனால், காலப்போக்கில் வாசகர் இணையத்திலேயே ஆவணங்களைப் படிக்கலாயினர். லேடெக்கில் எழுதியதை இணையப் பக்கமாக மாற்றுவது சிக்கலாக இருந்தது. அதன் குறியீடுகளை அறியாதவர் ஒரு சிறு பிழையைத் திருத்தவும் தயங்கினர்.

இந்நிலையை மாற்ற முற்பட்டவர் ஜியார்க் பிராண்டல். 2007ஆம் ஆண்டில் அவர் பைத்தான் ஆவணங்களுக்கெனப் புதியதொரு கருவியை உருவாக்கினார். அது ஸ்பிங்க்ஸ் எனப் பெயர் பெற்றது. எளிய குறியீடுகள் சிலவற்றுடன் சாதாரண உரையாக எழுதினால் போதும். இணையப் பக்கத்தையும் அச்சு வடிவத்தையும் ஸ்பிங்க்ஸ் ஆக்கித்தரும். 2008இல் வெளிவந்த பைத்தான் 2.6, 3.0 பதிப்புகளின் ஆவணங்கள் இம்முறையில் அமைந்தன. பின்னர் லினக்ஸ் கருநிரலின் ஆவணங்களும் ஸ்பிங்க்ஸுக்கு மாறின. எழுதும் முறை எளிதானால் எழுதுவோர் பெருக வழி பிறக்கும் என்பதே இம்மாற்றத்தின் பயன்.

நால்வகைத் தேவை

ஆவணத்தை நாடி வருவோர் அனைவரும் ஒரே தேவையுடன் வருவதில்லை. அவர்தம் தேவைகளை நான்காகப் பகுத்து, டயாடாக்சிஸ் என்னும் முறையை டானியேலே புரோசிடா வகுத்தார். பயிற்சிப் பாடம், செயல்வழிக் குறிப்பு, தகவல் அகரவரிசை போன்ற நோக்கீட்டுப் பகுதி, கருத்து விளக்கம் என்பன அந்நான்கு.

தையல் இயந்திரத்தைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்ளலாம். முதன்முதலில் இயந்திரத்தின்முன் அமர்பவரைத் துண்டுத் துணியில் நேர்க்கோடாகத் தைக்கவைப்பது பயிற்சிப் பாடம். ஓரளவு பழகியவருக்குச் சட்டையில் பை வைக்கும் முறையைச் சொல்வது செயல்வழிக் குறிப்பு. எத்துணிக்கு எவ்வெண் ஊசி என்று காட்டும் அட்டவணை நோக்கீடு. மேல்நூலும் பாபின் நூலும் பின்னிக்கொள்வதால்தான் தையல் இறுகுகிறது என்று காரணம் கூறுவது கருத்து விளக்கம். ஊசி எண் தேடி வந்தவருக்கு இயந்திரத்தின் வரலாற்றைக் கூறுவது அவரைத் தடுத்து நிறுத்துவதாகும். யாருக்கு, எப்போது, எது தேவை என்று தெளிவதே ஆவணத்தைச் செம்மையாக்குவதன் முதற்படி.

தெரிந்து தெளிவோம்

யூனிக்ஸ் இயக்குதளத்தின் கையேடு 1971ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாளிட்டு வெளிவந்தது. அதனை ஆக்கியவர்கள் பெல் ஆய்வகத்தின் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் ஆவர். கட்டளைகளின் பயனோடு, அவற்றில் அறியப்பட்ட குறைகளையும் கூறுவதற்குத் தனித்தலைப்பு அக்கையேட்டில் இருந்தது.

குற்றம் களைதல்

நூலுக்கு ஆகாத குற்றங்களாகப் பத்தினை நன்னூலில் பவணந்தி முனிவர் வகுத்துள்ளார். அவற்றுள் குன்றக் கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் ஆகியன மென்பொருள் ஆவணங்களிலும் மிகுதியாகக் காணப்படுவன.

‘அமைப்புக் கோப்பைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்க’ என்று ஓர் ஆவணம் கூறுவதாகக் கொள்வோம். எந்தக் கோப்பு, எங்கே உள்ளது, எதை மாற்றுவது என்பன இதில் இல்லை. இது குன்றக் கூறல். ‘மென்பொருளை நிறுவிய கோப்புறையில் அமைப்பு என்னும் கோப்பைத் திறக்க, மூன்றாம் வரியிலுள்ள ஆங்கிலம் என்பதைத் தமிழ் என மாற்றிச் சேமிக்க, மென்பொருளை மீண்டும் தொடங்கினால் பட்டியல்கள் தமிழில் தோன்றும்’ என்று எழுதினால் குறை நீங்குகிறது. இறுதியில் என்ன தோன்றும் என்பதையும் சொல்வதால், தாம் செய்தது சரியா என வாசகர் தாமே சரிபார்க்க இயலும்.

மென்பொருள் மாறிய பின்னும் ஆவணம் மாறாதிருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று முரண்படும். பைத்தானின் இரண்டாம் பதிப்பில், பிரிண்ட் என்னும் கட்டளையை அடைப்புக்குறியின்றி எழுதலாம். மூன்றாம் பதிப்பில் அடைப்புக்குறி கட்டாயமாயிற்று. பழைய பாடத்தைப் பார்த்துப் புதிய பதிப்பில் எழுதும் மாணவருக்குப் பிழைச்செய்தியே கிடைக்கும். தவறு ஆவணத்தில் இருக்க, தமக்கு நிரலாக்கம் வராது என்று அவர் எண்ணிவிடக்கூடும். ஆவணப் பிழையின் உண்மையான இழப்பு இதுவேயாகும்.

இத்தகைய பிழைகளைக் கண்டறியப் பைத்தானில் டாக்டெஸ்ட் என்னும் கருவி 2001 முதல் இடம்பெற்றுள்ளது. ஆவணத்திலுள்ள எடுத்துக்காட்டு நிரல்களை அது இயக்கிப் பார்க்கும். ஆவணம் கூறும் விடையும் கிடைத்த விடையும் வேறுபட்டால் சுட்டிக்காட்டும். நடையின் தெளிவை மட்டும் மனிதரே ஆராய்தல் வேண்டும். மென்பொருளை அறியாத ஒருவரிடம் ஆவணத்தைக் கொடுத்து, அதன்படி செய்யச் சொல்லி, அவர் தயங்கும் இடங்களைக் குறித்துக்கொள்வது சிறந்த ஆய்வுமுறை.

வெளியிடும் முறை

பைத்தானின் ஆவணங்கள் மூலநிரல் உள்ள களஞ்சியத்திலேயே வைக்கப்பட்டுள்ளன. ஆதலால், நிரலை மாற்றுபவர் அதனோடு ஆவணத்தையும் மாற்றி அளிக்க இயலும். திருத்தம் செய்ய விரும்புவோர் கோப்பின் படியொன்றில் மாற்றம் செய்து, காரணத்தைச் சுருக்கமாக எழுதி அனுப்புவர். அனுபவம் மிக்கவர்கள் அதனைப் படித்துக் கருத்துரைப்பர். ஏற்கப்பட்டபின் திருத்தம் களஞ்சியத்தில் சேரும். பக்கங்கள் புதிதாக ஆக்கப்பட்டு இணையத்தில் வெளிவரும்.

பழைய பதிப்பைப் பயன்படுத்துவோருக்காக ஒவ்வொரு பதிப்பின் ஆவணமும் தனித்தனியே காக்கப்படுகிறது. முழு ஆவணத்தையும் பதிவிறக்கி, இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் படிக்கலாம். ஜப்பானியம், பிரெஞ்சு, கொரியன் முதலிய மொழிகளில் தன்னார்வலர்கள் மொழிபெயர்த்து வருகின்றனர். தமிழில் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றிய கட்டுரைகளையும் நூல்களையும் வெளியிடும் கணியம் இதழின் பணியும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

புதியவரின் பங்கு

திறமூலப் பணியில் ஈடுபட நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அது முழு உண்மையன்று. ஆவணத்தில் விடுபட்ட ஒரு படியைச் சேர்ப்பதும், பொருந்தாத ஒரு சொல்லை மாற்றுவதும் பங்களிப்பே. தடுமாறிய இடம் எது என்பதைத் தடுமாறியவரே நன்கு அறிவார். சில திங்களில் மென்பொருள் பழகிவிட்டால் அந்நினைவு மங்கிவிடும். ஆகவே, கற்கத் தொடங்கும் நாளிலேயே ஐயங்களைக் குறித்து வைப்பது பயன்தரும். ஒருவர் எழுதிச் சேர்க்கும் ஒற்றை வரி, அவர் என்றும் காணாத ஊரில் உள்ள மற்றொருவரின் தடையை நீக்கவல்லது.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் பயன்படுத்தும் செயலி ஒன்றின் உதவிப் பக்கத்தைப் படித்து, அதில் காணப்படும் குறைகளை நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களோடு ஒப்பிட்டு எழுதுக.
2. கணினியில் தமிழ்த் தட்டச்சு செய்யும் முறையை, முன்பின் அறியாதவருக்குப் படிப்படியாக விளக்கி எழுதுக. அதனை வகுப்புத் தோழர் ஒருவரிடம் கொடுத்துச் செய்துபார்க்கச் சொல்லி, தயங்கிய இடங்களைத் திருத்துக.
3. ‘மூலத்திற்கு உரை துணை’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.