தேய்ந்தால் தானே சரியாகும் இயந்திரம்

(இரண்டாமாண்டு, இயந்திரவியல் துறை)



மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குத் தசையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். பேரிங் தேய்ந்தால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டுகிறோம். தேய்ந்த பேரிங் தானாக வளர்ந்ததாக எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கேள்விப்பட்டதில்லை. தசை அப்படி வளர்கிறது!

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தபோது எங்கள் கறம்பக்குடிப் பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்துவிட்டன. விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தும் கூலி வேலைக்கு அப்பா போனார். முதல் சில நாள் ராத்திரியில் கையைத் தூக்க முடியாது. அம்மா எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடும். பிறகு அதே வேலைதான், வலி மட்டும் இல்லை. "உடம்பு பழகிப்போச்சுடா" என்றார். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். ஆகவே 'பழகிப்போச்சு' என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று தேடிப் படித்தேன்.

பழக்கத்தில் நரம்புக்கும் பங்குண்டு. ஆனால் முக்கியமான வேலை தசை நாரில் நடக்கிறது. கடும் உழைப்பில் நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. ஒவ்வொரு நாரின் மேலும் ஒட்டிக்கொண்டு சில செல்கள் தூங்கிக் கிடக்கும். 1961-இல் அலெக்ஸாண்டர் மௌரோ தவளைத் தசையில் இவற்றைக் கண்டு சாட்டிலைட் செல் என்றார். நார் கிழிந்ததும் இவை விழித்துப் பெருகும். அப்போது மயோ-டி என்ற புரதம் "தசையாக மாறு" என்று உத்தரவு போடும். 1987-இல் ஆய்வாளர்கள் இதற்கான மரபணுவைச் சாதாரண செல்லுக்குள் செலுத்தியபோது அந்தச் செல்லும் தசைச் செல்லானது! அடுத்து மயோஜெனின் என்ற புரதம் வந்து வேலையை முடித்து வைக்கும். புதிய செல்கள் நாரோடு கலந்து கிழிசலை அடைக்கும். பாக்ஸ்-7 என்ற புரதத்தை விடாத சில செல்கள் மட்டும் மறுபடி தூங்கப் போகும். நம் வீட்டு விதைநெல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிரேக்கும் உண்டு. பெயர் மயோஸ்டாட்டின், கண்டறிந்தது 1997-இல். இந்தப் பிரேக் பழுதானதால்தான் பெல்ஜியன் புளூ மாடுகள் அப்படி உருண்டு திரண்டு நிற்கின்றன. நம்மூர் ஜல்லிக்கட்டுக் காளை பக்கத்தில் நின்றால் ஒல்லியாகத் தெரியும்! (ஓட்டத்தில் எது ஜெயிக்கும் என்பது வேறு விஷயம்.)

விதைநெல்லையும் தின்னும்படி ஆகிவிட்டால்? டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் நாரின் உறையைத் தாங்கிப் பிடிக்கிறது. பிறவியிலேயே அது இல்லாவிட்டால் சும்மா நடந்தாலே நார் கிழியும். ரிப்பேர் ஓயாமல் நடந்து, ஒரு கட்டத்தில் சாட்டிலைட் செல்களால் ஈடுகொடுக்க முடியாது. தசை இருந்த இடத்தில் கொழுப்பும் நாரிழையும் சேரும். இதுதான் டுஷென் தசைச்சிதைவு. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருகிறது. வேறு புரதங்கள் கெட்டு வரும் தசைச்சிதைவுகள் பெண்களையும் விடுவதில்லை. சேலத்தில் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரிகள் இந்நோயோடு வாழ்ந்துகொண்டே, இதே நோயுள்ளவர்களுக்காக ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். மாதேவி 2017-இல் காலமானார்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி அடிக்கடி விழுவான். கெண்டைக்கால் மட்டும் பயில்வான் மாதிரி பெருத்திருக்கும். தரையிலிருந்து எழ, தன் தொடை மேலேயே கையை ஊன்றி ஏறி வருவான். சோம்பேறி என்று அடி வாங்கினான். அப்படி எழுகிற பிள்ளையைக் கண்டால் அடிக்க வேண்டாம், ரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கிழிந்த நாரிலிருந்து கசிவது அது. இந்நோயில் பல மடங்கு ஏறியிருக்கும். அடியோடு குணமாக்க இன்னும் வழி இல்லை. ஆனால் தக்க வயதில் கண்டுபிடித்து ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால், பிள்ளை சொந்தக் காலில் நடக்கும் வருடங்கள் கூடுகின்றன.