நைட்ரஸ் வாயுவும் மோட்டார் யந்திரத்தின் வலிமையும்

மோட்டார் வண்டியின் விரைவிலே வேட்கை கொண்ட இளைஞர் பலரும் ஒருகால் வினவும் வினா ஒன்றுண்டு. தொழிற்சாலையினின்று வந்தபடியே, உள்ளுறுப்பு ஒன்றும் மாற்றப்படாதுள்ள ஒரு யந்திரம் எவ்வளவு நைட்ரஸ் வாயுவைத் தீங்கின்றித் தாங்கவல்லது என்பதே அவ்வினா. இதற்கு விடையாக ஓர் எண்ணை மட்டும் சொல்லிவிடுதல் எளிது. ஆனால், அவ்வெண் எங்ஙனம் பிறந்தது என்பதை அறியாதான் கையில் அஃது ஆபத்தாகவே முடியும். ஆதலின் காரணத்தை முன்னும் அளவைப் பின்னுமாகக் கூற முற்படுகின்றேன். இலக்கியம் பயிலும் மாணவன் யந்திரத்தைப் பற்றி எழுதலாமோ என்று ஐயுறும் அன்பர்க்கு, ஒரு பொருளை ஆராய்ந்து அதன் அளவு காண்டல் எல்லாக் கல்விக்கும் பொது என்பதே என் விடையாகும்.

வாயுவின் இயல்பு

நைட்ரஸ் ஆக்ஸைடு என்பது நைட்ரஜன் அணு இரண்டும் பிராணவாயு அணு ஒன்றும் கூடியதொரு பொருள். இதனை 1772ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில அறிஞர். 1799இல் பிரிஸ்டல் நகரில் ஹம்ப்ரி டேவி என்பார் தாமே இதனை மூச்சோடு உட்கொண்டு ஆராய்ந்தார். 'சிரிப்பூட்டும் வாயு' என்று இதனை உலகம் அழைக்கலாயிற்று. 1844இல் ஹொரேஸ் வெல்ஸ் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் நோவின்றிப் பல் களைதற்கு இதனைக் கையாண்டார். இரண்டாம் உலகப் போரிலோ, காற்று நலிந்த உயர்வானிற் பறக்கும் விமானங்களின் யந்திரங்களுக்கு ஜெர்மானியர் இதனை ஊட்டினர், அவ்வமைப்புக்கு ஜி.எம்.1 என்பது பெயர்.

இவ்வாயு தானே எரியும் பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. எரிவது பெட்ரோலே, எரிதற்குத் துணை செய்வது பிராணவாயு. நாம் உயிர்க்கும் காற்றிலே எடையால் நூற்றுக்கு 23 பங்கு பிராணவாயு உளது. நைட்ரஸிலோ நூற்றுக்கு 36 பங்கு உளது. சிலிண்டரின் பெருவெப்பத்தில் இவ்வாயு சிதைந்து, தன்பால் உள்ள பிராணவாயுவை விடுவிக்கின்றது. அவ்விடத்து அதற்கேற்ற மிகுதிப் பெட்ரோலும் சேருமாயின், ஒரே வெடிப்பில் மிகுதியான ஆற்றல் பிறக்கும். மேலும், புட்டியில் திரவமாய் அடைபட்டுக் கிடந்த இது வெளிப்பட்டவுடன் ஆவியாகி, உட்செல்லும் காற்றைக் குளிர்வித்து அதன் செறிவையும் பெருக்கும். ஆகவே நைட்ரஸ் ஆற்றலைத் தருவதன்று. மிகுதியான பெட்ரோலை எரிக்க வழி செய்வதே அதன் தொழில். இவ்வொன்றை மறவாதிருத்தல் பின்வருவன அனைத்திற்கும் திறவுகோலாம்.

யந்திரத்தின் மிச்ச வலிமை

யந்திரம் சமைப்போர் அதனைத் தன் வேலைக்கு வேண்டிய அளவிற்கு மட்டும் வலியதாகச் செய்வதில்லை. தரங்குறைந்த பெட்ரோல், கோடை வெயில், மலையேற்றம், ஓட்டுவோனின் கவனமின்மை ஆகிய இவையெல்லாவற்றையும் நெடுங்காலம் பொறுக்கும் பொருட்டுச் சிறிது மிச்ச வலிமையையும் வைத்தே செய்கின்றனர். நைட்ரஸ் பூட்டுவோன் செலவழிப்பது இம்மிச்சத்தையே. ஆதலின் 'எவ்வளவு தாங்கும்?' என்னும் வினா, 'எவ்வளவு மிச்சம் உளது?' என்னும் வினாவே ஆகும். ஒரு லட்சம் மைல் ஓடித் தேய்ந்த யந்திரத்திற்கும் புதிய யந்திரத்திற்கும் இம்மிச்சம் ஒன்றாதல் இல்லை. எனவே, சிலிண்டர்தோறும் அழுத்தத்தை அளந்து, கசிவின்மை கண்டறிந்த பின்னரே இம்முயற்சியிற் புகுதல் வேண்டும்.

வழக்கில் உள்ள அளவு

நைட்ரஸ் கருவிகளைச் செய்வோர் தம் நெடுநாட் பழக்கத்தால் கூறிவரும் பொது அளவு இது: நான்கு சிலிண்டர் யந்திரத்திற்கு மிகுதியாக 40 முதல் 60 குதிரைத்திறன், ஆறு சிலிண்டருக்கு 75 முதல் 100, எட்டுச் சிலிண்டருள் சிறு வகைக்கு 140 வரை, பெரு வகைக்கு 125 முதல் 200. இவ்வெண்களைச் சிலிண்டர் ஒன்றுக்கு வகுத்துப் பார்ப்பின், பெரு வகை நீங்கலாக, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 முதல் 17 குதிரைத்திறன் ஏற்கின்றது என்னும் உண்மை விளங்கும். சிலிண்டர் பெரிதாயின் தாங்கும் அளவும் பெரிதாகும்.

எடுத்துக்காட்டாக இரண்டு யந்திரங்களை நோக்குவோம். 1997ஆம் ஆண்டின் செவ்ரொலே கார்வெட் வண்டியில் வந்த எல்.எஸ்.1 என்னும் 5.7 லிட்டர் யந்திரம் எட்டுச் சிலிண்டர் உடையது. 345 குதிரைத்திறன் தருவது. இதற்கு 100 குதிரைத்திறன் கூட்டினால், முன்னுள்ளதில் நூற்றுக்கு 29 பங்கு மிகுகின்றது. ஹோண்டா சிவிக் வண்டியின் 1.6 லிட்டர், 127 குதிரைத்திறன் யந்திரத்திற்கு 50 கூட்டினால், நூற்றுக்கு 39 பங்கு மிகுகின்றது. இரண்டிலும் சிலிண்டர் ஒன்றுக்குக் கூடுவது பன்னிரண்டரையே. ஆயினும் சுமை சிறிய யந்திரத்திற்கே பெரிது. இதனால், கூட்டும் எண்ணை மட்டும் நோக்குதல் போதாது, அதனை ஏற்கும் யந்திரத்தையும் நோக்குதல் வேண்டும் என்பது பெறப்படும்.

சுழற்சியும் அழுத்தமும்

பலர் அறியாத நுட்பம் ஒன்று இங்கே உளது. நைட்ரஸ் ஜெட்டின் துளை நிமிஷத்திற்கு இவ்வளவு என்று ஒரே அளவில் வாயுவைச் செலுத்துவது. யந்திரம் விரைந்து சுழன்றாலும் மெல்லச் சுழன்றாலும் அஃது அறியாது. 100 குதிரைத்திறன் நைட்ரஸ், நிமிஷத்திற்கு 6000 சுற்றில் சுமார் 119 நியூட்டன் மீட்டர் திருக்குவிசையைக் கூட்டும். 3000 சுற்றிலோ சுமார் 237. அஃதாவது, சுற்று பாதியானால் ஒவ்வொரு வெடிப்பிலும் பிஸ்டனைத் தாக்கும் மிகுதிச் சுமை இரட்டிக்கின்றது. அன்றியும், மெல்லச் சுழலும்போது உட்குழாயில் பெட்ரோல் தேங்கித் தீப்பற்றி, குழாயையே பிளந்துவிடுதலும் உண்டு. இக்காரணங்களாலேயே 3000 சுற்றுக்குக் கீழும், திராட்டில் முழுதும் திறவாத நிலையிலும் நைட்ரஸைத் திறத்தலாகாது என்று விதித்தனர். கையால் அழுத்தும் பொத்தானை நம்பாது, திராட்டில் முழுதும் திறந்தாலன்றி வாயுவை விடாத ஸ்விட்சு ஒன்றும், குறித்த சுற்றுகளுக்கு இடையே மட்டும் வேலை செய்யும் ஸ்விட்சு ஒன்றும் பொருத்துதல் அறிவுடைமை.

பகை இரண்டு

யந்திரத்தை அழிக்கும் பகை இரண்டு. முதலாவது பெட்ரோல் குறைவு. நைட்ரஸ் வந்து, அதற்கேற்ற பெட்ரோல் வாராதொழியின், வெப்பம் எல்லை கடந்து ஒருசில விநாடிகளிலேயே பிஸ்டனின் தலை உருகித் துளைபடும். ஆதலின் பெட்ரோல் பம்பு போதிய வலிமை உடையதா என்று முன்னரே சோதித்தல் வேண்டும். பெட்ரோலின் அழுத்தம் தாழ்ந்தவுடன் நைட்ரஸைத் தானே நிறுத்தும் ஸ்விட்சும் வேண்டும்.

இரண்டாவது டெட்டனேஷன். ஒழுங்காகப் பரவ வேண்டிய தீ, முறை தவறி ஒருங்கே வெடித்துச் சம்மட்டி போலத் தாக்குவது அது. நைட்ரஸ் கூடியவிடத்துக் கலவை விரைந்து எரிவதால், பொறி விழும் காலத்தைப் பின்னிடச் செய்தல் வேண்டும். ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் சுமார் 2 பாகை என்பது வழக்கம். ஆக்டேன் எண் உயர்ந்த பெட்ரோலும், வெப்பத்தை விரைந்து கடத்தும் குளிர்வகை ஸ்பார்க் பிளக்கும் துணை செய்யும்.

இவையெல்லாம் செய்தும் ஓர் எல்லை உண்டு. எல்.எஸ்.1 முதலியவற்றின் பிஸ்டன் சிலிகான் மிகுந்த அலுமினியக் கலவையை வார்த்துச் செய்தது, அடித்துருவாக்கிய பிஸ்டனைப் போல் வளைந்து கொடாது, தாக்குண்டால் உடையும். மேலும், பிஸ்டன் வளையத்தின் இரு முனைகளுக்கு இடையே தொழிற்சாலையார் விட்ட இடைவெளி, அவர்கள் எண்ணிய வெப்பத்திற்கே போதுமானது. மிகுவெப்பத்தால் வளையம் நீண்டு முனைகள் ஒன்றையொன்று முட்டுமாயின், வளையம் அமர்ந்த விளிம்பே பெயர்ந்துவிடும். மாற்றப்படாத யந்திரத்தின் மெய்யான எல்லை பெரும்பாலும் இவ்விடத்தேதான் அமைகின்றது.

புட்டியைக் காத்தல்

புட்டியின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 900 முதல் 1000 பவுண்டு வரை இருத்தல் நன்று. வெப்பம் ஏற அழுத்தமும் ஏறும். ஏறினால் நைட்ரஸ் மிகுந்து பெட்ரோல் குறைந்த நிலை உண்டாகும். புட்டியை நெருப்பிற் காட்டிச் சூடேற்றுதல் உயிர்க்கே கேடு. மோட்டாருக்கென விற்கும் வாயுவில், யாரும் முகராதிருத்தற் பொருட்டுக் கந்தக டையாக்ஸைடு சிறிது கலந்துள்ளது. அதனை முகர்ந்து விளையாடுதல் பேதைமை. இவற்றோடு, இவ்விரைவு பந்தயத் திடலுக்கே உரியதன்றிப் பிறர் நடக்கும் வீதிக்கு உரியதன்று என்பதையும் மறவாதிருப்போமாக.

முடிவுரை

ஆகவே, நல்ல நிலையில் உள்ள, மாற்றப்படாத யந்திரத்திற்கு, நான்கு சிலிண்டராயின் 50, எட்டுச் சிலிண்டராயின் 100 குதிரைத்திறன் என்னும் அளவிலே நின்று, பெட்ரோலையும் பொறிக்காலத்தையும் சுற்றையும் காத்துக்கொள்வானுக்குத் தீங்கு அரிது. 'இன்னுஞ் சிறிது பெரிய ஜெட்டைப் பொருத்தினால் என்ன?' என்று உள்ளம் கேட்கும். நேற்றுத் தாங்கிற்று என்பதனால் இன்றும் தாங்கும் என்று அது வாதிக்கும். யந்திரமோ தன் எல்லையை முன்னறிவித்தலின்றி ஒருமுறையே உடைகின்றது. பொருளும் மாதக்கணக்கான உழைப்பும் ஒரு விநாடியில் போதல் அப்பொழுதுதான் தெரியவரும். திருக்குறளில் வலியறிதலுக்கென்றே 48ஆம் அதிகாரம் ஒன்று அமைந்திருத்தலை நாம் தேர்வுக்காக மட்டும் படிக்கின்றோம். கையில் திறவுகோலும் காலடியில் விரைவும் வாய்த்த இளமைக்கே அவ்வறிவு முதற்கண் வேண்டுவது.