உலோகமும் களைத்துப்போகும்

மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றை இரு கைகளாலும் பிடித்து இழுத்து அறுக்க முயன்று பாருங்கள். முடியாது. அதே கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக வளைத்து வளைத்து நிமிர்த்துங்கள். சிறிது நேரத்தில் அது ஒடிந்துவிடும். பலமாக இழுத்தும் அறாத கம்பி, மெல்ல வளைத்ததற்கு ஒடிந்தது ஏன்? ஒரே இடத்தில் விசை திரும்பத் திரும்பச் செயல்பட்டதால் அங்கே உலோகம் வலுவிழந்துவிட்டது. இதற்கு 'உலோகச் சோர்வு' என்று பெயர்.

கையிலுள்ள கம்பி ஒடிந்தால் நமக்கு நட்டமில்லை. பல ஆயிரம் அடி உயரத்தில் பறக்கும் விமானத்தின் உடல் இவ்வாறு சோர்ந்தால் என்ன ஆகும்?

விமானத்தின் உடல்

விமானம் இலேசாகவும் இருக்கவேண்டும், உறுதியாகவும் இருக்கவேண்டும். அலுமினியத்தின் அடர்த்தி நீரைப்போல் 2.7 மடங்கு, எஃகின் அடர்த்தியோ ஏறத்தாழ 7.8 மடங்கு. ஆனால் தூய அலுமினியம் மிகவும் மென்மையானது. 1906-ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் வில்ம் என்ற ஜெர்மானிய அறிஞர், அலுமினியத்துடன் சுமார் 4 சதவீதம் செம்பும் சிறிது மெக்னீசியமும் கலந்து, சூடாக்கி, நீரில் திடீரெனக் குளிர்வித்தார். சில நாட்கள் கழித்துச் சோதித்தபோது அந்தக் கலவை தானாகவே கடினமாகியிருந்தது! இதுவே டியூராலுமின். விமான உலோகங்களின் முன்னோடி இது.

இந்தப் பண்பினால் தொழிற்சாலையில் ஒரு வேடிக்கையைக் காணலாம். தகடுகளை இணைக்கும் ரிவெட் என்னும் தறையாணிகளுள் சிலவகை, சூடாக்கிக் குளிர்வித்தவுடன் மென்மையாக இருக்கும். நேரம் செல்லச் செல்லக் கடினமாகிவிடும். ஆகவே அடிக்கும் வேளை வரும்வரை அவற்றைக் குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். குளிரில் கடினமாவது தாமதப்படுகிறது.

ஒவ்வொரு பறப்பும் ஒரு மூச்சு

உயரே செல்லச் செல்லக் காற்று குறைகிறது. எனவே பயணிகள் மூச்சுவிட, விமானத்தின் உள்ளே காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். ஒவ்வொரு சதுர அங்குலத் தகட்டையும் சுமார் 8 பவுண்டு விசை வெளிநோக்கித் தள்ளுகிறது. விமானம் ஏறும்போது அதன் உடல் பலூனைப்போலச் சற்றே உப்புகிறது; இறங்கியதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. நம் கண்ணுக்கு இது தெரியாது, உலோகத்துக்குத் தெரியும்.

எஃகில் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே உள்ள விசையை எத்தனை கோடி முறை தந்தாலும் அது பொதுவாகச் சோர்வதில்லை. அலுமினியக் கலவைகளுக்கோ அவ்வாறு திட்டமான எல்லை கிடையாது. விசை சிறியதாயின் அதிகக் காலம் தாங்கும், அவ்வளவுதான். ஆதலால் விமானத்தின் வயதைக் கணக்கிட ஆண்டுகள் மட்டும் போதா. எத்தனை முறை பறந்தது என்பதையும் எண்ணவேண்டும்.

காமெட் கற்பித்த பாடம்

இந்தப் பாடத்தை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1952-இல் இங்கிலாந்தின் காமெட் விமானம் பயணிகள் சேவையைத் தொடங்கியது. உலகின் முதல் ஜெட் பயணி விமானம் அதுதான். 1954 ஜனவரி 10 அன்று ரோம் நகரிலிருந்து கிளம்பிய ஒரு காமெட், எல்பா தீவின் அருகே நடுவானில் சிதறிக் கடலில் விழுந்தது. அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். சேவை நிறுத்தப்பட்டது. காரணம் தெரியாமலே மார்ச்சில் மீண்டும் தொடங்கப்பட்டது. ஏப்ரல் 8 அன்று மற்றொரு காமெட் இத்தாலிக்கு அருகே கடலில் விழுந்தது. மேலும் 21 பேர் உயிரிழந்தனர்.

ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் ஆர்னால்டு ஹால் தலைமையில் அறிஞர்கள் ஒரு முழுக் காமெட்டின் உடலைப் பெரிய தொட்டிக்குள் வைத்து, உள்ளும் புறமும் நீரை நிரப்பினர். உள்ளே அழுத்தத்தை ஏற்றினர்; இறக்கினர். சில நிமிடங்களில் ஒரு பறப்பு முடிந்தது! காற்றுக்குப் பதிலாக நீர் எதற்கு? அழுத்திய காற்று குண்டுபோல வெடித்து, தடயங்களை அழித்துவிடும். நீர் அவ்வளவாகச் சுருங்காது, எனவே வெடிக்காது.

உண்மையான பறப்புகளையும் சேர்த்து 3,057-ஆம் முறையில் உடல் பிளந்தது. சன்னல் மூலையின் அருகில் ஒரு சிறு துளையில் பிளவு தொடங்கியிருந்தது. காமெட்டின் சன்னல்கள் ஏறத்தாழ நாற்கோண வடிவானவை. மூலைகளில் விசை குவிந்துவிடுகிறது. இன்றைய விமானச் சன்னல்கள் நன்கு வளைந்த ஓரங்களுடன் இருப்பதை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள்.

உப்பும் சோர்வும்

1988 ஏப்ரல் 28 அன்று, ஹவாய்த் தீவுகளில் ஒரு போயிங் 737 விமானம் 24,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. திடீரென அதன் முன்பகுதிக் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பணிப்பெண் ஒருவர் தூக்கியெறியப்பட்டு உயிரிழந்தார். மற்ற 94 பேரும் பிழைக்கும்படி விமானிகள் அதை எப்படியோ தரையிறக்கினர்.

அந்த விமானம் பறந்த நேரம் 35,496 மணி, பறப்புகளோ 89,680. வகுத்துப் பாருங்கள்: ஒரு பறப்புக்குச் சராசரி 24 நிமிடம்கூட இல்லை. தீவுக்குத் தீவு தாவியதால் அது மிக அதிகமாக மூச்சுவிட்டது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் தகடுகளின் இணைப்பில் புகுந்து அரித்தன. ஒட்டுப்பசை விட்டுப்போனது. பாரம் முழுவதும் தறையாணிகள்மேல் விழ, துளைதோறும் நுண்ணிய விரிசல்கள் பிறந்து ஒன்றோடொன்று இணைந்தன. பராமரிப்பில் இவை கண்டுபிடிக்கப்படாமற் போனதே விபத்துக்குக் காரணம் என்று விசாரணை கூறியது. விமானத்தில் ஏறும்போதே பயணி ஒருவர் கதவருகே விரிசலைக் கண்டிருந்தார். ஆனால் எவரிடமும் சொல்லவில்லை.

விரிசலைத் தேடுவோர்

விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது? முதற்கருவி கண்ணும் கைவிளக்கும்தான். அடுத்தது சாயம். பரப்பின்மேல் சாயத்தைத் தடவித் துடைத்துவிட்டு வெண்தூளைத் தூவினால், விரிசலுக்குள் புகுந்த சாயம் கசிந்து கோடாகத் தெரியும். உள்ளே மறைந்த குறைகளைக் காண எக்ஸ் கதிர், மீயொலி, சுழல் மின்னோட்டம் ஆகியவை உதவுகின்றன. சிலவகைச் சிறு விரிசல்களின் முனையில் வட்டத் துளையிட்டு, விசை குவிவதைத் தணித்து, மேலே ஒட்டுத் தகடு வைப்பார்கள்.

அலுமினியத் தகட்டில் சாதாரணப் பென்சிலால் குறியிடக்கூடாது என்பது பணிமனை விதி. பென்சிலிலுள்ள கிராஃபைட்டும் அலுமினியமும் ஈரத்தில் ஒரு சிறு மின்கலம்போல் இயங்கி, அலுமினியத்தை அரித்துவிடும்.

இழையும் பிசினும்

இப்போது உலோகத்தின் இடத்தைக் கூட்டுப்பொருள்கள் பிடித்துவருகின்றன. கார்பன் இழைகளை அடுக்கடுக்காக வைத்து, எப்பாக்சிப் பிசினால் பிணைத்துச் செய்கிறார்கள். போயிங் 787 விமான அமைப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி இத்தகைய பொருளே. 2001-இல் முதன்முதலாகப் பறந்த நம் நாட்டுத் தேஜஸ் போர்விமானத்திலும் இதன் பங்கு பெரிது. இது துருப்பிடிப்பதில்லை, எளிதில் சோர்வதில்லை. ஆனால் கார்பன் அலுமினியத்தைத் தொட்டால், பென்சிலின் கதைதான். எனவே இரண்டிற்கும் இடையே கண்ணாடி இழை அடுக்கை வைக்கிறார்கள்.

இதற்கும் ஒரு குறை உண்டு. ஒரு திருகுசாவி கைதவறி விழுந்தால் உலோகத் தகடு நசுங்கிக் காட்டிக்கொடுக்கும். கூட்டுப்பொருளின் மேற்பரப்போ பெரும்பாலும் ஒன்றும் நடவாததுபோல் இருக்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். மண்பானை வாங்கும்போது பாட்டி விரலால் தட்டிப் பார்ப்பார் அல்லவா? விமானப் பணியாளரும் சிறு சுத்தியலாலோ நாணயத்தாலோ தட்டிப் பார்க்கிறார். நல்ல பகுதி கணீரென்று ஒலிக்கும். பிரிந்த பகுதி மந்தமாக ஒலிக்கும். ஐயம் வந்தால் மீயொலிக் கருவி உறுதி செய்யும்.

விரிசல் வரவே வராது என்று நம்பி யாரும் விமானத்தைப் பறக்கவிடுவதில்லை. அது வரும் என்று எதிர்பார்த்து, பெரிதாகும் முன்பே தேடிப் பிடிக்கிறார்கள். தேடுபவரின் கண்ணும் களைப்படையும் என்பதால், ஒருவர் செய்த முக்கியமான வேலையை மற்றொருவர் சரிபார்க்கிறார். கருவிகள் வளர்ந்திருக்கின்றன, கண்டதை உடனே சொல்லும் பழக்கமும் அவற்றோடு சேரவேண்டும்.

செய்து பாருங்கள்

ஒரே அளவான இரண்டு காகிதப் பட்டைகளை எடுங்கள். ஒன்றின் ஓரத்தில் கத்தரிக்கோலால் கூர்மையான சிறு வெட்டு இடுங்கள். மற்றதன் ஓரத்தில் அதே ஆழத்துக்கு அரைவட்டமாக வெட்டுங்கள். இரண்டையும் இரு முனைகளிலும் பிடித்து இழுங்கள். எது எளிதில் கிழிகிறது? காமெட்டின் சன்னலை நினைவில் கொண்டு காரணத்தை எழுதுங்கள்.