துக்கம் வேறு, மனஸ்தாபம் வேறு



நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டுமென்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறீர்கள். அவற்றில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது மனஸ்தாபத்தில்தான். பானை உடைந்து போயிற்றே என்று அழுவது துக்கம். உடைத்தவன் நான் என்று வருந்துவதே மனஸ்தாபம். நாடாளும் பெரியோரும் இவ்விஷயத்தில் தடுமாறுவதுண்டு. ஈராக் யுத்தத்தைப் பாருங்கள்.

2002 செப்டம்பரில் இங்கிலாந்துப் பிரதமர் டோனி பிளேயர் பார்லிமெண்டில் ஓர் அறிக்கை வைத்தார். ஈராக்கிடம் இரசாயன ஆயுதங்களும் கிருமி ஆயுதங்களும் இருக்கின்றன, கட்டளை பிறந்த 45 நிமிடத்தில் அவற்றில் சிலவற்றைப் பிரயோகிக்கக்கூடும் என்று அது கூறிற்று. அடுத்த பிப்ரவரியில் அமெரிக்க மந்திரி காலின் பவல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் இதேவிதமாக வாதாடினார். அம்மாதமே தம்மைக் காண வந்த பிளேயரிடம், யுத்தத்தைத் தவிர்க்க எல்லா முயற்சியும் செய்ய வேண்டுமென்று அர்ச். இரண்டாம் அருள் சின்னப்பர் பாப்பரசர் கேட்டுக் கொண்டார். பிறகு கர்தினால் பியோ லாகியை ஜனாதிபதி புஷ்ஷிடமும் அனுப்பினார். பலனில்லை. 2003 மார்ச் 20-ந் தேதி யுத்தம் மூண்டது. அமெரிக்காவே அனுப்பிய ஆய்வாளர்கள் நாடெங்கும் தேடிவிட்டு, ஆயுதக் குவியல் ஏதும் இல்லையென்று 2004-ல் அறிவித்தார்கள்.

ஸர் ஜான் சில்காட் தலைமையில் இங்கிலாந்து நியமித்த விசாரணைக் குழு 2016 ஜூலை 6-ந் தேதி 12 பாகங்களில் தன் முடிவைக் கூறிற்று. சமாதான வழிகள் தீருமுன்னே யுத்தத்தில் இறங்கினார்கள். ஐயத்துக்கு இடமான தகவலை நிச்சயம் போல் சொன்னார்கள் என்பது அதன் சாரம். பிளேயர் பொய் சொன்னாரென்று குழு சொல்லவில்லை; நாமும் சொல்லலாகாது. இறந்தவர்களோ இங்கிலாந்துச் சிப்பாய்கள் 179 பேர். ஈராக்கியர், 2009-க்குள்ளாகவே, குறைந்தது ஒன்றரை லட்சம் பேர்; அவர்களில் பெரும்பாலோர் ஆயுதமேந்தாத ஜனங்கள்.

அன்றைக்கே பிளேயர் பத்திரிகைக்காரர் முன் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பேசினார். குரல் தழுதழுத்தது. துக்கமும் வருத்தமும் தெரிவித்தார். உளவுத் தகவல் பிசகாய்ப் போனதை ஒப்புக் கொண்டார், பொறுப்பையும் ஏற்றார். ஆயினும் தீர்மானம் சரியே, அதே நிலையில் மறுபடியும் அதையே செய்வேன் என்றார். அவருடைய துக்கம் உண்மையென்றே நம்புகிறேன். ஆனால் மறுபடியும் செய்வேன் என்கிறவரிடம் பிரதிக்கினைக்கு இடமேது?

வரப்புத் தகராறு தீர்க்க உட்கார்ந்த இடங்களில் இந்தப் பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். "அண்ணன் மனசு நொந்திருந்தா வருத்தந்தான் சாமி. ஆனா நான் வெட்டினது சரிதான்." வரப்பு அப்படியே கிடக்கும்.

ஒப்புக் கொள்வது ஏன் இவ்வளவு கஷ்டம்? வெறும் ஆங்காரம் என்று சொல்லிவிடுவது சுலபம். யுத்தம் தவறென்றால் மாண்ட பிள்ளைகள் வீணாய் மாண்டார்கள் என்றாகிவிடுமே என்ற பயமும் உண்டு. அந்தத் தியாகம் வீணென்று ஒருபோதும் ஏற்கமாட்டேன் என்று பிளேயரும் சொன்னார். ஆனால் மகனைப் பறிகொடுத்த பெற்றோர் பலர் அன்று எதிர்பார்த்தது அந்த ஆறுதலையல்ல, உண்மையை.

பவல் தம் உரை தம் பேருக்கு ஒரு கறையென்று 2005-ல் சொன்னார். வியட்நாம் யுத்தத்தை நடத்திய அமெரிக்க மந்திரி மக்னமாரா, பதவி விட்டு 27 வருஷம் கழித்து, 1995-ல், நாங்கள் கொடிய தவறு செய்தோம் என்று புஸ்தகமே எழுதினார். அதற்குள் அந்த யுத்தத்தில் மடிந்த 58 ஆயிரம் அமெரிக்கரின் தாய் தந்தையர் எத்தனையோ பேர் கண் மூடிவிட்டார்கள்.