மனசுல தெம்பு இல்லாதவருக்கா வரும்?

மலாக்கா நகருக்கு இன்று ரயில் கிடையாது. முன்பு இருந்தது, தம்பினில் கிளை பிரிந்து நகரம் வரை வந்தது. ஜப்பானியர் காலத்தில் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்து, சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்களையும் பல்லாயிரக்கணக்கில் அந்தப் பக்கமே ஏற்றி அனுப்பினார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலரா, மலேரியா, பட்டினி, அடி எல்லாமாகச் சேர்ந்து ஆசியத் தொழிலாளர்களில் சுமார் 90,000 பேரைக் கொன்றிருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

தோட்ட லயத்துக்கு உயிரோடு திரும்பியவர்கள் என்ன ஆனார்கள்?

நடுராத்திரியில் அலறி எழுவது, அதட்டல் குரல் கேட்டால் உடம்பு வெலவெலத்துப் போவது, சயாம் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவது: இவற்றை இன்று மருத்துவர்கள் பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோயின் அறிகுறிகள் என்பார்கள். அந்தப் பெயர் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியதே 1980இல்தான். தோட்டப்புறத்தில் இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, ‘காத்துக் கருப்பு அடிச்சிருச்சு’. இன்னொன்று, ‘மனசுல தெம்பு இல்ல’. முதலாவதற்கு மந்திரித்த கயிறாவது கிடைக்கும்; இரண்டாவதற்கு ஏச்சுதான். அதே பாதையில் வேலை செய்து ஊர் திரும்பிய பிரிட்டிஷ் போர்க்கைதிகளை லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி 1946 முதல் பல பத்தாண்டுகள் பரிசோதித்து வந்தது. நம் லயங்களுக்கு அப்படியொரு தொடர் கவனிப்பு வாய்க்கவில்லை.

காத்துக் கருப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வம்பு பிடித்தது அந்த இரண்டாவது நம்பிக்கைதான், ஏனென்றால் அது இப்போது விஞ்ஞானச் சட்டை மாட்டிக்கொண்டு வருகிறது: ‘மூளையில் வெள்ளைப் பகுதி பலவீனமாக இருப்பவர்களுக்குத்தான் இந்த நோய் வருமாம், ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமாம்.’

வெள்ளைப் பகுதி என்பது மூளையின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செய்தி கடத்தும் நரம்பிழைக் கற்றை. இழைகளின் மேல் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்புறைதான் அதற்கு வெண்ணிறம் தருகிறது. செய்தி வேகமாக ஓடுவதும் அந்த உறையால்தான். இழைகளை ஒட்டி நீர் எந்தப் பக்கம் பரவுகிறது என்பதை ஒருவகை எம்ஆர்ஐ ஸ்கேன் அளக்கும். அதை வைத்துக் கற்றை எவ்வளவு ஒழுங்காக அமைந்திருக்கிறது என்று கணிக்கிறார்கள்.

இந்த முறையில் நடந்த பெரிய ஆய்வொன்று 2021இல் வெளியானது. பல நாடுகளைச் சேர்ந்த 3,047 பேர். அவர்களில் 1,426 பேர் பிடிஎஸ்டி உள்ளவர்கள். இடது, வலது மூளைகளின் நினைவுப் பகுதிகளை இணைக்கும் டபீட்டம் என்ற கற்றையில் இவர்களுக்கு ஒழுங்கு குறைவாக இருந்தது. வித்தியாசம் உண்மை, ஆனால் மிகச் சின்னது. நோயுள்ளவர்களின் அளவுகளும் இல்லாதவர்களின் அளவுகளும் ஏறக்குறைய முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடுகின்றன. ஆயிரக்கணக்கானோரின் சராசரியில் தெரிவதை வைத்து, ஜாசினிலோ அலோர் காஜாவிலோ இருக்கும் ஒருவரின் படத்தைப் பார்த்து ‘இவருக்கு நோய் வரும்’ என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஒழுங்கு குறைந்தது அதிர்ச்சிக்கு முன்பா, பின்பா என்பதையும் ஒருமுறை எடுக்கும் ஸ்கேன் சொல்லாது.

முன்பே இருக்கும் பாதிப்பு என்று ஒன்று இல்லாமலும் இல்லை. 2002இல் வெளியான இரட்டையர் ஆய்வு இதில் சுவாரஸ்யமானது. வியட்நாம் போருக்குப் போய் பிடிஎஸ்டியோடு திரும்பியவருக்கு ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதி சிறிதாக இருந்தது. போர்முனையைப் பார்க்காமல் வீட்டிலிருந்த அவருடைய ஒற்றைக்கரு இரட்டையருக்கும் அப்படியே சிறிதாக இருந்தது! ஆக, ஒரு பங்கு பிறவியிலேயே இருக்கலாம். ஆனால் அந்தச் சகோதரர் நோயில்லாமல்தானே இருந்தார்? போருக்குப் போனவர்தானே நோயாளியானார்?

‘மனத்தெம்பு’ வாதத்துக்குச் சரியான அடி உகாண்டாவின் மேற்கு நைல் பகுதியிலிருந்து வருகிறது. அங்கே அகதிகளிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், மூன்று அல்லது அதற்குக் குறைவான கொடுமைகளை அனுபவித்தவர்களில் 23 சதவீதம் பேருக்கு பிடிஎஸ்டி இருந்தது. 28 அல்லது அதற்கு மேல் அனுபவித்தவர்களில் ஒருவர்கூடத் தப்பவில்லை, நூற்றுக்கு நூறு. அடி குறைவாக இருக்கும்போதுதான் ஆளுக்கு ஆள் தாங்கும் சக்தி வித்தியாசப்படுகிறது. சயாம் மரண ரயில் பாதை முகாமில் கொடுமைகளை யார் எண்ணிக்கொண்டிருந்தார்கள்?

‘மூளை கெட்டால் கெட்டதுதான்’ என்ற பேச்சும் நிற்கவில்லை. ருமேனிய அநாதை இல்லங்களிலிருந்து வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாறிய குழந்தைகளின் வெள்ளைப் பகுதி, இல்லத்திலேயே தங்கியவர்களுடையதைவிடப் பல இடங்களில் தேறியிருந்ததை 2015இல் பதிவு செய்தார்கள். பெரியவர்களுக்கும் அதிர்ச்சியை மையமாக வைத்த பேச்சு சிகிச்சை நல்ல பலன் தருகிறது. செர்ட்ராலின் போன்ற மருந்துகளும் உதவுகின்றன.

இப்போது சயாம் இல்லை; அதிர்ச்சி வேறு வழிகளில் வருகிறது. மோட்டார் சைக்கிள் விபத்து, பாராங் கத்தியோடு வந்த கொள்ளை, வீட்டுக்குள் வருஷக்கணக்கில் அடி. கிளினிக்கில் ‘தூக்கம் வரல, தலைவலி’ என்று மட்டும் சொன்னால் மாத்திரையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். என்ன நடந்தது, அது கனவில் வருகிறதா, எந்த இடத்தைத் தவிர்க்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் டாக்டருக்குப் பிடி கிடைக்கும். தேவையானால் மலாக்கா மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார். நேரில் போகத் தயங்குபவர்களுக்கு சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் இருக்கிறது: 15555. ஸ்கேன் எதுவும் கேட்க மாட்டார்கள்.