எடை குறைந்தால் ஏற்றமா?

விளையாட்டில் ஈடுபடும் பிள்ளைகள் உடல்நலம் மிக்கவர்களாகவே இருப்பர் என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அது உண்மையே. ஆயினும், மெலிந்த உடலைப் போற்றும் ஜிம்னாஸ்டிக்ஸ், நெடுந்தொலைவு ஓட்டம் போன்ற துறைகளில், உணவைக் கண்டு அஞ்சும் நோய் இளையோரைப் பற்றுவதுண்டு. அதனைப் பற்றிப் பெற்றோரும் பிள்ளைகளும் அறிந்திருத்தல் நலம்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ்டி ஹென்ரிச் ஒரு சிறந்த ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. 1988இல் புடாபெஸ்ட் நகரில் நடைபெற்ற போட்டியின்போது, அவர் எடை மிகுந்தவர் என்று நடுவர் ஒருவர் கூறினார். அச்சொல் அவர் உள்ளத்தில் தைத்தது. உணவைச் சுருக்கினார். அவ்வாண்டு ஒலிம்பிக் அணியில் சேரும் வாய்ப்பை 0.118 புள்ளியில் இழந்தார். நோய் முற்றியது, ஒரு கட்டத்தில் அவர் எடை சுமார் 21 கிலோவாகக் குறைந்தது. 1994 ஜூலை 26 அன்று, உள்ளுறுப்புகள் செயலிழந்து, 22ஆம் வயதில் உயிர் நீத்தார்.

ஒரு சொல் மட்டுமே இத்தனைக்கும் காரணமாகுமா? ஆகாது. அச்சொல் வேர்கொள்ள நிலம் முன்னரே பண்பட்டிருந்தது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 14 வயதுச் சிறுமி நாடியா கொமனேச்சி முழுமையான 10 புள்ளிகள் பெற்றதைத் தொலைக்காட்சி உலகெங்கும் காட்டியது. சிற்றுடலே வெற்றியின் அடையாளம் என்னும் எண்ணம் பின்னர் வலுப்பெற்றது.

காட்சி ஊடகத்தின் ஆற்றலுக்கு மற்றுமோர் சான்று உண்டு. ஃபிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. எடை குறைக்க உண்டதை வாந்தியெடுக்கும் பழக்கம், அப்போது ஆராயப்பட்ட பள்ளி மாணவியருள் ஒருவரிடமும் இல்லை. 1998இல் ஆராய்ந்தபோது நூற்றுக்குப் பதினொருவரிடம் அப்பழக்கம் காணப்பட்டது.

பயிற்சிக்கு ஈடான உணவு கிட்டாதபோது உடல் தன் செலவைச் சுருக்குகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகும். எலும்புக்கு உரமூட்டும் ஹார்மோன் குறையும். எலும்பு வலுப்பெற வேண்டிய வயதிலேயே அது நலிந்து, நுண்விரிசல்கள் தோன்றும். ஆண்களும் இதற்கு விலக்கல்லர் என்பதைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துரைத்தது. 1997இல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர் மூவர், எடைப் பிரிவுக்காக உடலை வற்றச் செய்தபோது மாண்டனர்.

நாம் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

1. பிறருடன் அமர்ந்து உண்ணாமல் சாக்குக் கூறுதல்.
2. உண்டவுடன் தனியே குளியலறைக்குச் செல்லுதல்.
3. அடிக்கடி எடை பார்த்தல். காயம் இருந்தும் பயிற்சியை விடாதிருத்தல்.
4. மாதவிடாய் மூன்று மாதங்களுக்கு மேல் வாராதிருத்தல்.
5. எலும்பு முறிவு மீண்டும் மீண்டும் நேர்தல்.

இவற்றைக் கண்டால் கடிந்துகொள்ளுதல் கூடாது. வற்புறுத்தி ஊட்டுவதாலும் பயனில்லை. கனிவுடன் பேசி, மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் அழைத்துச் செல்ல வேண்டும். இது பிடிவாதமன்று, நோய். காலத்தே மருத்துவம் செய்தால் குணமடைதல் இயலும்.

பிள்ளையின் உடலைப் பற்றி விளையாட்டாகவும் இழித்துப் பேசாதிருத்தல் நம் முதற்கடமை. பயிற்சியாளர் அவ்வாறு பேசினால் அவரிடம் நேரில் சென்று தடுத்துரைப்பதும் நம் கடமையே. பதக்கம் அடுத்த ஆண்டும் கிட்டும். போன உயிர் மீளாது.