கடலும் காலக்கணக்கும்

அரியலூரில் சமதளமான முற்றம் ஒன்றில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழலை நோக்குக. நிழல் மிகக் குறுகும் வேளையே அவ்வூரின் உச்சிப்பொழுது. அப்போது கடிகாரம் சரியாகப் பன்னிரண்டு மணியைக் காட்டுவதில்லை. பருவத்திற்கேற்ப முன்பின்னாக வேறுபடினும், ஆண்டின் சராசரியில் 12 மணி 14 நிமிடம் ஆகிவிடும். மேற்கேயுள்ள பெரம்பலூரில் உச்சிப்பொழுது இன்னும் முக்கால் நிமிடம் கழிந்தே வரும். கடிகாரம் பிழைபட்டதா? கதிரவன் காலந்தாழ்த்தினானா? இரண்டும் இல்லை.

நிலவுலகம் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவர 24 மணி நேரம் ஆகிறது. எனவே, ஒரு பாகை திரும்புவதற்கு 4 நிமிடமும், 15 பாகை திரும்புவதற்கு ஒரு மணி நேரமும் ஆகும். தீர்க்கரேகை வேறுபடும் ஊர்களுக்கு உச்சிப்பொழுதும் வேறுபடும். இருப்பூர்தியும் தந்தியும் வந்தபின், ஊருக்கொரு நேரம் என்பது பெருந்தொல்லையாயிற்று. 1792-இல் அமைக்கப்பெற்ற சென்னை வானாய்வுக்கூடத்தின் நேரம் இந்திய இருப்பூர்திகளுக்கு நெடுங்காலம் பொதுநேரமாக விளங்கியது. அது கிரீன்விச் நேரத்தினும் ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906 சனவரி முதல் நாளில், 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம் இந்தியப் பொதுநேரமாக ஏற்கப்பட்டது. அக்கோட்டிற்கு ஏறத்தாழ மூன்றரைப் பாகை மேற்கே அரியலூர் இருப்பதே அந்த 14 நிமிடத்திற்குக் காரணம்.

நிலத்தில் வாழ்வோர்க்கு இவ்வேறுபாட்டால் தீங்கில்லை. கடலிற் செல்வோர்க்கோ நேரமே வழிகாட்டி. தான் நிற்கும் இடத்தின் உச்சிப்பொழுதையும், அதே நொடியில் கிரீன்விச்சின் நேரத்தையும் அறிந்த மாலுமி, தன் தீர்க்கரேகையைக் கணக்கிட்டு அறிவான். கடிகாரம் 4 நொடி தவறினால், நிலநடுக்கோட்டருகே கணக்கு ஒரு கடல் மைல் தவறும். மறைந்திருக்கும் பாறையில் கப்பல் மோத அதுவே போதும். அலையிலும் வெப்பத்திலும் பிழைபடாத கடிகாரத்தை ஆங்கிலேயராகிய ஜான் ஹாரிசன் அரிதின் முயன்று அமைத்தார். அது 1761-இல் தொடங்கிய கடற்பயணத்தில் சோதிக்கப்பெற்றது. எத்துணை நல்ல கடிகாரமும் நாளடைவில் சிறிது பிறழும். 1910-இல் பாரிசு நகரின் ஈபெல் கோபுரம் வானொலி வழியே நேரக்குறிகளை அனுப்பத் தொடங்கியது. அதன்பின் நடுக்கடலிலேயே கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு உண்டாயிற்று.

அரியலூர் இளைஞன் ஒருவன் கப்பலில் வானொலிப் பணியாளனாகச் சென்றான் எனக் கொள்வோம். கப்பல் அட்லாண்டிக் பெருங்கடலில், கிரீன்விச்சுக்கு 30 பாகை மேற்கே செல்கிறது. கப்பலில் நண்பகல் 12 மணி. அவன் வீட்டிலோ இரவு ஏழரை மணி. ஆயினும் தன் பதிவேட்டில் அவன் 14 மணி என்றே எழுதுவான். அதுவே கிரீன்விச் நேரம். கப்பல் கிழக்கும் மேற்கும் செல்லும்போது அதன் உணவுக்கும் உறக்கத்திற்கும் உரிய கடிகாரத்தை மாற்றுவர். வானொலி அறையின் கடிகாரத்தை மாற்றார்.

இவ்வொழுங்கில் உயிர்கள் அடங்கியிருந்தன. 1912 ஏப்பிரல் 14-ஆம் நாள் இரவு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியபோது, அப்பகுதியில் நின்ற கலிபோர்னியன் கப்பலின் வானொலிப் பணியாளர் உறங்கச் சென்றிருந்தார். அபாயக் குரல் அக்கப்பலுக்கு எட்டவில்லை. பின்னர், கப்பல்களில் ஓயாத வானொலிக் காவல் வேண்டும் எனப் பன்னாட்டு விதி எழுந்தது. மற்றொரு விதியும் வகுக்கப்பெற்றது. ஒவ்வொரு மணியிலும் 15 முதல் 18 நிமிடம் வரையிலும், 45 முதல் 48 நிமிடம் வரையிலும், 500 கிலோஹெர்ட்சு அலைவரிசையில் அனைவரும் பேச்சை நிறுத்திச் செவிசாய்க்க வேண்டும். வானொலி அறைக் கடிகாரத்தின் முகத்தில் அந்நிமிடங்கள் செந்நிறத்தால் குறிக்கப்பட்டிருந்தன. மூழ்கும் கப்பலின் மெல்லிய ஒலியும் அவ்வமைதியில் கேட்கும். ஆனால், கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்டால், ஒருவர் மௌனம் காக்கும்போது மற்றொருவர் பேசுவார். உதவி கோரும் குரல் அமிழ்ந்துபோகும்.

1999-இல் செயற்கைக்கோளும் தானியங்கிக் கருவிகளும் துணைபுரியும் புதிய அபாய அறிவிப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பழைய காவல் மறைந்தது. ஆயினும், உலகப் பொதுநேரம் இன்றும் கடலோரை இணைக்கின்றது. கதிரவன் ஊருக்கொரு நண்பகலைத் தருகிறான். ஒருவர் குரலை மற்றவர் கேட்டு உதவ, மாந்தர் தமக்குள் ஒரு நேரத்தை உடன்பட்டு வகுத்துக்கொண்டனர். அவ்வுடன்பாட்டைக் காப்பது பிறர் உயிரைக் காப்பதாகும்.